விரற்கடை, சாண், முழம்: பள்ளிக்கரணைக்குப் பறவைகள் வரும் கணக்கு

பல்லாவரம் – துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் காலை ஆறரை மணிக்கு வண்டியை ஓரங்கட்டி நின்றால் இருபுறமும் தென்சென்னையின் பள்ளிக்கரணை சதுப்பு நிலம்தான். புரட்டாசி கடைசி. என்னுடன் வந்த அக்கா வயதிலும் மூத்தவர், பறவை பார்ப்பதிலும் மூத்தவர். பைனாகுலரைக் கழுத்தில் மாட்டியிருந்தாரே தவிர, கண்ணுக்குக் கொண்டுபோகவில்லை. சிறுபாலத்தை ஒட்டித் தண்ணீருக்குள் நின்ற ஒரு கான்கிரீட் கம்பத்தை உற்றுப் பார்த்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, பறவைய விட்டுட்டு கம்பத்தைப் பாக்குறீங்க?"

"பறவை எங்க இருக்கும்னு கம்பம்தான்டா சொல்லும். போன வாரத்துக்கு இந்த வாரம் நாலு விரல் ஏறியிருக்கு பாரு."

அந்த நோட்டைப் பிறகு வாங்கிப் புரட்டினேன். ஒவ்வொரு பக்கத்திலும் தேதிக்கு அடுத்த வரி தண்ணீர் மட்டம். பறவைகளின் பெயர்கள் அதற்குக் கீழேதான். ஐந்தாறு வருடப் பக்கங்களைச் சேர்த்து வாசித்தபோது ஒன்று பளிச்சென்று தெரிந்தது. தண்ணீர் விரற்கடை (ஒரு விரல் அகலம்) அளவில் இருந்த வாரங்களில் ஒரு கூட்டம், சாண் அளவுக்கு வந்ததும் வேறொரு கூட்டம், முழம் தாண்டியதும் மூன்றாவது கூட்டம். பள்ளிக்கரணைக்கு எந்தப் பறவை எப்போது வரும் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மாதக் கணக்கை எதிர்பார்க்கிறார்கள். மாதம் முக்கியம்தான். ஆனால் அதைவிட முக்கியம் ஆழம்.

பறவை பற்றிய ஆங்கிலப் புத்தகங்களில் 'இலையுதிர்கால வலசை' என்று படித்துவிட்டுச் சென்னையில் இலை உதிரும் காலத்தைத் தேடினால் கிடைக்காது. செப்டம்பர் முதல் நவம்பர் வரையான அந்த மாதங்கள் நமக்குப் புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. பழைய தமிழ்ப் பருவக் கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். வடக்கே குளம் உறையத் தொடங்கும் நாட்களில்தான் இங்கே ஏரி நிரம்பத் தொடங்குகிறது. சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் சுமார் 60 சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடும். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று சும்மா சொல்லவில்லை.

ஆக, இங்கே இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று வடக்கில் இருக்கிறது. சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் கூடு கட்டும் பறவைக்குப் பகல் குறுகக் குறுக உடலுக்குள் மாற்றம் தொடங்கும். பசி கூடும், தோலுக்கடியில் கொழுப்பு சேரும், இரவுகளில் ஒரு தவிப்பு வரும். பள்ளிக்கரணையில் சேறு இருக்கிறதா, வெள்ளம் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. பகலின் நீளத்தைப் பார்த்துக் கிளம்பிவிடும். இன்னொரு கடிகாரம் வங்கக் கடலில் இருக்கிறது. காற்றழுத்தத் தாழ்வு எப்போது உருவாகும், எங்கே கரையேறும் என்பதைப் பொறுத்துச் சதுப்பின் நீர்மட்டம் ஏறும், இறங்கும். முதல் கடிகாரம் வருடா வருடம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அடிக்கும். இரண்டாவது அப்படி இல்லை. இந்த இரண்டும் எந்த இடத்தில் சந்திக்கின்றன என்பதுதான் அந்த வருடத்தின் பறவைக் காலம்.

முதலில் வந்து சேர்பவை, சேற்றோரம் இரை தேடும் சிறு பறவைகளான உள்ளான்கள். பலரும் நினைப்பதுபோல மழைக்குப் பிறகு அல்ல, ஆகஸ்டிலேயே வந்துவிடும். வடதுருவத்தை ஒட்டிய தூந்திர நிலத்தில் கோடை மிகச் சிறியது. முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து முடித்ததும் பெரியவை கிளம்பிவிடும். குஞ்சுகள் அங்கேயே தங்கி, தின்று தேறி, சில வாரங்கள் கழித்துத் தனியாகப் புறப்படும். வழிகாட்ட அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. திசையும் தூரமும் பிறவியிலேயே உள்ளே எழுதியிருக்கிறது. செப்டம்பர் கடைசியில் நம் சேற்றில் புதிதாகச் சில உள்ளான்கள் தெரியும். அவற்றின் முதுகிறகுகள் ஒவ்வொன்றுக்கும் வெளிர் கரை கட்டி, மீன் செதில் அடுக்கியதுபோல் சுத்தமாக இருக்கும். அவை அந்த வருடம் பிறந்தவை. பக்கத்தில் இறகு நைந்து, பழைய பழுப்பும் புதுச் சாம்பலும் கலந்து நிற்பவை பெரியவை. இந்த வித்தியாசத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், அப்புறம் சேற்றில் நிற்கும் ஒவ்வொரு கூட்டத்தையும் 'யார் முன்னால் வந்தது, யார் பின்னால் வந்தது' என்று பிரித்துப் பார்க்கத் தோன்றும்.

கொசு உள்ளானைக் கொஞ்சம் நெருக்கத்தில் சொல்ல வேண்டும். நீளம் ஒரு சாணில் பாதியைக் கொஞ்சம் தாண்டும். எடை 25 கிராம் சுமார், கடைகளில் விற்கும் சின்ன பிஸ்கட் பாக்கெட்டைவிடக் குறைவு. கால் ஒரு விரற்கடை உயரம் இருந்தால் அதிகம். புரட்டாசி வெயிலில் பாளம் பாளமாக வெடிக்காமல், மேலே நீர்ப்படலம் மினுங்கும் ஈரச் சேறு இருக்கிறதே, அதுதான் இதன் இடம். கோழிக்குஞ்சு அரிசி பொறுக்குவதைவிட வேகமாகக் குத்திக்கொண்டே நடக்கும். நான்கடி தொலைவுக்குள் முப்பது நாற்பது குத்து. குத்திய இடத்தில் ஊசி முனை அளவு துளை. அலகு நுனி வெறும் கொம்பு அல்ல. அதற்குள் நுண்ணிய குழிகளும் நரம்பு முனைகளும் இருக்கின்றன. சேற்றுக்குள் ஒரு புழு அசைந்தால் அந்த அழுத்த மாற்றம் அலகுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் கண்ணால் பார்க்காமலும் எடுக்க முடிகிறது. சேறு காய்ந்து இறுகிவிட்டால் அலகு இறங்காது. தண்ணீர் இரண்டு விரற்கடைக்கு மேல் ஏறினால் நிற்கக் கால் போதாது. காய்வதற்கும் மூழ்குவதற்கும் இடையிலுள்ள அந்த ஒடுக்கமான பட்டைக்குள்தான், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த ஒரு பறவை மறுபடி உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டும்.

சென்னையின் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மதிய வெக்கைக்குப் பின் சாயங்காலம் இடியோடு ஒரு மழை கொட்டுமே, அந்த மழைக்கு இங்கே பெரிய மதிப்பு உண்டு. அது சதுப்பை நிரப்பாது. ஆனால் சேற்றை ஈரமாக வைத்திருக்கும். பொரி உள்ளான் 'சிப்-சிப்-சிப்' என்று கத்திக்கொண்டு எழும்புவதும், சிறு பட்டாணி உப்புக்கொத்தி ஓடி ஓடி நிற்பதும், கருவால் மூக்கன் கூட்டம் கழுத்து வரை தலையைச் சேற்றுக்குள் விடுவதும் இந்த வாரங்களில்தான். கருவால் மூக்கனின் கழுத்தில் அப்போது செங்கல் நிறம் கொஞ்சம் ஒட்டியிருக்கலாம். அது வடக்கே அணிந்த கல்யாண உடை. கொஞ்ச நாளில் அதுவும் போய் முழுச் சாம்பலாகிவிடும். வானத்தில் தகைவிலான்களும் இதே சமயத்தில் வரத் தொடங்கும். மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தால் அண்ணாந்து ஒருமுறை எண்ணிவிடுங்கள்.

அப்புறம் மழை. அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டி வடகிழக்குப் பருவமழை தொடங்குவது வழக்கம். பள்ளிக்கரணை தனியாக நிரம்பும் இடம் அல்ல. தென்சென்னையில் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை, முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகள் வழியாக இங்கே வந்து சேர்கிறது. கீழ்க்கட்டளை நிரம்பினால் நாராயணபுரம், நாராயணபுரம் நிரம்பினால் சதுப்பு, இப்படி ஒன்றின் கலங்கலில் வழிவது இன்னொன்றுக்கு வரத்து. வேளச்சேரிப் பக்கமிருந்தும், சித்தாலப்பாக்கம், பெரும்பாக்கம் பக்கமிருந்தும் இதே கதைதான். வந்த நீர் வெளியேறும் முக்கிய வழி ஒக்கியம் மடுவு. அது பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போகிறது. கடல் ஏறி நிற்கும் நாளில் கால்வாய் வாங்காது. கால்வாய் வாங்காவிட்டால் மடுவு நகராது. மடுவு நகராவிட்டால் சதுப்பு ஏறும். அந்தக் காலத்தில் இந்த இடத்துக்குக் கழிவெளி என்றுதான் பெயர். மழைக்காலத்தில் பரந்து, வெயில் காலத்தில் சுருங்கும் தாழ்நிலத்துக்கு நம் கடற்கரை முழுக்க வழங்கும் சொல் அது.

அடைமழையில் பத்து நாளில் சதுப்பின் முகமே மாறிவிடும். முதன்முதலில் நான் இங்கே பறவை பார்க்க வந்தது அப்படி ஒரு நாளில்தான். நல்ல மழை, நல்ல தண்ணீர், நிறையப் பறவை என்று நினைத்து வந்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே தண்ணீர். நாமக்கோழிகளும் நீர்க்காகங்களும் மட்டும் மிதந்தன. செப்டம்பரில் அக்கா நோட்டில் நூற்றுக்கணக்கில் இருந்த உள்ளான்கள் ஒன்றுகூட இல்லை. அவை செத்துப்போகவில்லை, ஓடிப்போகவும் இல்லை. கால் ஊன்ற இடம் கிடைக்கும் திசைக்கு நகர்ந்திருந்தன. முட்டுக்காடு, கேளம்பாக்கம் உப்பங்கழிப் பக்கம், தெற்கே நெல் வயல்கள், வடக்கே பழவேற்காடு. உள்ளானுக்குப் பள்ளிக்கரணை என்பது தனி இடம் இல்லை. கடற்கரை நெடுகிலும் உள்ள ஆழமற்ற இடங்களின் சங்கிலியில் ஒரு கண்ணி. ஒன்று மூழ்கும்போது இன்னொன்று மேலே இருக்க வேண்டும்.

உள்ளான் போன இடத்துக்கு வாத்து வரும். செப்டம்பர் கடைசியிலிருந்தே நீலச்சிறகிகள் சிறு சிறு குழுக்களாக வரத் தொடங்கினாலும், கூட்டமாகத் தங்குவது நீர் ஒரு சாண் அளவுக்குப் பரவிய பிறகுதான். காரணம் எளியது. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் இவையெல்லாம் முக்குளித்து இரை தேடும் வகை அல்ல. தலையைத் தண்ணீருக்குள் விட்டு, வாலை மேலே தூக்கி, தலைகீழாக நின்று அடியைத் துழாவும். கழுத்தின் நீளம் எவ்வளவோ அவ்வளவு ஆழம்தான் அவற்றின் உலகம். ஊசிவால் வாத்துக்குக் கழுத்து நீளம், அதனால் நீலச்சிறகியைவிடக் கொஞ்சம் ஆழத்தில் மேயலாம். தட்டைவாயன் அடியைத் தொடவே வேண்டியதில்லை. அகப்பை போன்ற அலகின் ஓரங்களில் சீப்புப் பல் மாதிரி மெல்லிய தகடுகள் இருக்கின்றன. தண்ணீரை ஒருபக்கம் வாங்கி மறுபக்கம் விட்டு, நுண்ணுயிர்களை மட்டும் சலித்து எடுத்துக்கொள்ளும். சில சமயம் பத்துப் பதினைந்து சேர்ந்து ஒரே வட்டத்தில் சுற்றும். முன்னால் போவதன் கால் கலக்கிய தண்ணீரைப் பின்னால் வருவது சலிக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் வாத்து பார்க்கப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. படத்தில் பார்த்த வண்ணம் அப்போது இருக்காது. ஆண் வாத்துகள் கோடையின் முடிவில் தம் வண்ண இறகுகளை உதிர்த்துவிட்டு, பெட்டையைப் போன்ற பழுப்பு உடைக்கு மாறிவிடும். பறக்கும் இறகுகள் மொத்தமாக உதிர்ந்து சில வாரம் பறக்கவே முடியாத நேரத்தில் கண்ணில் படாமல் இருக்க அந்தப் பழுப்பு உதவுகிறது. மற்ற வாத்துகளில் பல குளிர்காலத் தொடக்கத்திலேயே வண்ணம் திரும்பிவிடும். நீலச்சிறகிக்கு ரொம்ப நாள் ஆகும். அதன் புருவத்து வெள்ளைப் பட்டை நன்றாக எடுப்பது தை, மாசி வாக்கில்தான். அதனால் நவம்பரில் ஒரு கூட்டத்தைப் பார்த்து எல்லாம் பெட்டை என்று எழுதிவிட வேண்டாம். எழும்பிப் பறக்கும் வரை காத்திருங்கள். சிறகின் முன்பாதி வெளிர் நீலச் சாம்பலாகப் பளீரென்று தெரிந்தால் அது ஆண்.

எழும்ப வைக்க நாம் கை தட்ட வேண்டியதில்லை, தட்டவும் கூடாது. அந்த வேலையைச் சேற்றுப் பூனைப் பருந்து செய்யும். இதுவும் வலசை வரும் பறவைதான். சம்புப் புதருக்கு மேலே, ஆள் உயரத்தில், சிறகை ஆங்கில 'வி' எழுத்துபோல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாக வரும். வந்தவுடன் நாமக்கோழிகளைப் பாருங்கள். பரந்து கிடந்த நூறு கோழிகள் நொடியில் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு கறுப்புப் பாய் ஆகிவிடும். வாத்துகள் கிளம்பி ஒரு சுற்று சுற்றும். பருந்துக்கு வேண்டியது ஆரோக்கியமான கூட்டம் அல்ல, அதில் பிந்துகிற ஒன்று.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைப் பற்றிப் பேசிவிட வேண்டும். கார்த்திகை, மார்கழியில் ஏரிகளில் பெரிய பறவைகளைப் பார்த்தவுடன் 'வெளிநாட்டுப் பறவைகள் வந்துவிட்டன' என்று செய்தி வரும். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், இவற்றில் பெரும்பாலானவை நம் நாட்டிலேயே தண்ணீரையும் இரையையும் தேடி இடம் மாறுபவை. இங்கேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பவை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வருபவை பெரும்பாலும் கைக்குள் அடங்கும் உள்ளானும், கிலோவுக்கும் குறைந்த வாத்தும், மின்கம்பித் தகைவிலானும்தான். உருவத்தை வைத்துப் பயணத்தைக் கணிக்க முடியாது.

வேடந்தாங்கல் இதற்கு நல்ல உதாரணம். சென்னையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 75 கிலோமீட்டர். ஏரியில் நீர் ஏறி, நீர்க்கடம்பு மரங்களின் அடி மூழ்கியதும் நாரைகளும் நீர்க்காகங்களும் அவற்றின் மேல் கூடு கட்டும். மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால் பூனையும் நரியும் நெருங்காது, அதுதான் விஷயம். அங்கும் ஆழம்தான் தேதியைக் குறிக்கிறது. பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு நல்ல உரம் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. சுட வந்தவர்களைத் தடுக்க வேண்டும் என்று ஊரார் கேட்க, 1798இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் அந்த உரிமையை எழுதிக் கொடுத்தார். காவல்காரர் யாரும் சம்பளத்துக்கு இல்லாத காலத்தில் ஓர் ஊரே பார்த்துக்கொண்ட ஏரி அது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், கூட்டில் இருக்கும் பறவைகள் மிரளக்கூடாது என்று தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஐப்பசித் தீபாவளி சரியாகப் பறவைகள் வந்து இறங்கும் வாரங்களில் விழுகிறது என்பதை நினைக்கும்போது, அந்த ஊர்ப் பிள்ளைகள்மீது எனக்குப் பெரிய மரியாதை.

பள்ளிக்கரணையில் நத்தைகுத்தி நாரையை வருடம் முழுக்கப் பார்க்கலாம். நீர் சாணுக்கும் முழத்துக்கும் நடுவில் இருக்கும் இடத்தில் நடந்துகொண்டிருக்கும். அலகின் மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் நடுவே ஓர் இடைவெளி, மூடினாலும் மூடாது. அந்த இடைவெளியில் நத்தையை வைத்துப் பாக்குவெட்டிபோல் உடைக்கும் என்று பலர் சொல்வார்கள். அப்படி இல்லை. ஒரு காலையில் இருபது நிமிடம் ஒரே நாரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நத்தையை மேலலகால் சேற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டது. கீழலகின் கூர் நுனியை ஓட்டின் மூடிக்கு அடியில் நுழைத்து, உள்ளே ஓட்டோடு ஒட்டியிருக்கும் தசையை அறுத்தது. தலையை ஓர் உதறு உதறியதும் சதை முழுசாக வெளியே வந்தது. ஓடு உடையாமல் கீழே கிடந்தது. இதையெல்லாம் தண்ணீருக்கு அடியில், தலையை நனைத்துக்கொண்டு செய்கிறது. ஆழம் கூடினால் அழுத்திப் பிடிக்க முடியாது, வேலை நடக்காது.

சரி, இந்த ஆழக் கணக்கு இப்போது என்ன ஆகியிருக்கிறது? 1965 வாக்கில் 5,500 ஹெக்டேர் பரவியிருந்த சதுப்பு, இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 600 ஹெக்டேராகச் சுருங்கியது. குடியிருப்பு, அலுவலக வளாகம், ரயில் பாதை, சாலை, இவற்றோடு இருநூறு ஏக்கருக்கும் மேல் பரவிய பெருங்குடிக் குப்பைக் கிடங்கு. நான் நிற்கும் ரேடியல் சாலையே சதுப்பை இரண்டாக வெட்டித்தான் போகிறது. இதைப் பறவை இடம் இழந்த கதையாக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். 5,500 ஹெக்டேரில் ஒரு விரற்கடை உயரத்துக்குப் பரவி நிற்கும் நீரை 600 ஹெக்டேருக்குள் அடைத்தால் ஒன்பது விரற்கடை உயரம் நிற்கும். அதே மழை, அதே தண்ணீர். ஆனால் உள்ளான் நிற்கும் ஆழம் ஒரே நாளில் வாத்து நீந்தும் ஆழம் ஆகிவிடுகிறது. மேலே ஏரிகளைச் சுற்றி மண் தரை போய் சிமெண்டு வந்துவிட்டதால் தண்ணீர் ஊறி நின்று மெதுவாக வருவதும் இல்லை. பெய்த கையோடு ஓடி வருகிறது. முன்பு சரிவாக, தூரம் தூரமாக விரிந்த கரை இருந்தது. நீர் ஏறினால் சேற்றுப் பட்டையும் பின்வாங்கி நகரும். உள்ளானும் அதனோடு நகரும். இப்போது கரை இருக்கும் இடத்தில் கொட்டிய கட்டட இடிபாடும் மதில் சுவரும். நீர் ஏறினால் சேறு பின்வாங்க இடம் இல்லை.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சுற்றுவட்டார வீடுகளுக்குள் நின்ற தண்ணீரும் இதே கணக்கில் அடங்கியதுதான். அந்தச் சதுப்பு பரப்பில் இழந்ததை உயரத்தில் காட்டியது.

இதற்குத் தீர்வாக 'ஆழப்படுத்தினால் போதும், நிறையத் தண்ணீர் பிடிக்கும்' என்று அடிக்கடி சொல்கிறார்கள். மடுவையும் கால்வாயையும் தூர் வாருவது சரி, அடைப்பு நீங்க வேண்டியதுதான். சதுப்பையே குளம்போல் தோண்டுவது வேறு. செங்குத்தான கரையும் ஆள் ஆழத் தண்ணீரும் உள்ள குளத்தில் நீர்க்காகம் வரும், நாமக்கோழி வரும். உள்ளானும் வாத்தும் நாரையும் போய்விடும். கழிவெளி தண்ணீர் தாங்கியது ஆழத்தால் அல்ல, அகலத்தால். என் கருத்தில், இருக்கும் பரப்பில் ஒரு அடியைக்கூட இனி விடாமல் காப்பதும், கரையைச் சரிவாக மீட்டெடுப்பதும்தான் வெள்ளத்துக்கும் நல்லது, பறவைக்கும் நல்லது. கழிவுநீர் வரத்தும் நிற்க வேண்டும். அது வருடம் முழுக்க வருவதால் கோடையில் வற்ற வேண்டிய பகுதிகள் வற்றுவதில்லை. ஆகாயத்தாமரையும் சம்பும் மண்டி, திறந்த சேறே இல்லாமல் போகிறது. ஒரு சதுப்புக்கு வற்றுவதும் தேவை.

சட்டப் பாதுகாப்பு படிப்படியாக வந்திருக்கிறது. 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. பிறகு அந்தப் பரப்பு கூடியது. 2022இல், காப்புக்காட்டுக்கு வெளியே உள்ள நிலத்தையும் சேர்த்த 1,247.54 ஹெக்டேர் எல்லையோடு, பள்ளிக்கரணை உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கரிக்கிலியும் வேடந்தாங்கலும் அதே ஆண்டில் சேர்ந்தன. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு, சதுப்பின் தாக்கப் பகுதி எதுவரை என்று வரையறுக்கும் வரை ராம்சார் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கட்டுமான அனுமதி தரக்கூடாது என்றது. பல ஆண்டுகளாக இந்தச் சதுப்பை ஆய்வு செய்து, அதற்காகப் பேசிவரும் ஜெயஸ்ரீ வெங்கடேசனுக்கு அதே ஆண்டில் ராம்சார் விருது கிடைத்தது.

பார்க்கப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வேளச்சேரி – தாம்பரம் சாலை சதுப்புக்கு மேற்கே இருக்கிறது. காலையில் அங்கே நின்றால் சூரியன் கண்ணில் குத்தும், பறவையெல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். மாலை நான்கு மணிக்கு மேல் அதே இடம் அருமை. ரேடியல் சாலை கிழக்கு மேற்காகப் போவதால் இரண்டு நேரத்துக்கும் சரி. பறக்கும் வேகத்தில் லாரி வரும் சாலை என்பதால் பிள்ளைகளோடு போனால் வனத்துறையின் சூழலியல் பூங்காவுக்குப் போங்கள், நடைபாதை இருக்கிறது. எட்டு மடங்கு பெரிதாக்கும் (8×30 அல்லது 8×40) பைனாகுலர் போதும். ஒரு குடை, ஒரு நோட்டு. தனியாகப் போகத் தயங்கினால், 1978 முதல் இயங்கும் சென்னை இயற்கை ஆர்வலர் சங்கம் போன்ற குழுக்களோடு சேர்ந்துகொள்ளலாம். பெயர் தெரியாத பறவையைக் காட்டி 'இது என்னங்க?' என்று கேட்டால் முகம் சுளிப்பவரை நான் அங்கே பார்த்ததில்லை.

எண்ணிக்கையை, பறவைக் கணக்குகளைப் பதியும் இணையதளமான இ-பேர்டில் ஏற்றும்போது குறிப்புப் பகுதியில் நீர்மட்டத்தையும் இரண்டு சொல்லில் சேர்த்துவிடுங்கள். 'சேறு தெரிகிறது', 'சம்பு பாதி மூழ்கியிருக்கிறது', இது போதும். குளிர்காலத்தை ஒட்டி வனத்துறையின் கணக்கெடுப்பு நடக்கிறது, பொங்கல் விடுமுறையில் பொதுமக்கள் சேர்ந்து எண்ணும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் நடக்கிறது. இரண்டும் மழை ஓய்ந்த பிறகான படத்தைத் தருகின்றன. ஆகஸ்டில் வந்து அக்டோபரில் நகர்ந்துவிட்ட உள்ளான் அந்தப் படத்தில் விழாது. புரட்டாசியில் வந்து நின்று எண்ணுகிறவர்களின் பட்டியலில்தான் அது இருக்கும். ஒன்றுமே இல்லாத நாளில் ஒன்றுமே இல்லை என்று எழுதுவதும் தகவல்தான். அந்த நாளில் தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று சேர்த்து எழுதினால் காரணமும் பக்கத்திலேயே இருக்கும்.

போன வருடம் கார்த்திகை தீபத்துக்குப் பிறகு ஒரு வாரம் மழை விட்டிருந்தது. மறுபடி அதே சிறுபாலம், அதே கம்பம். தண்ணீர் இறங்கிய இடத்தில் கம்பத்தைச் சுற்றிப் பாசிக் கோடு ஒன்று பச்சையாகத் தெரிந்தது. அக்கா கையை நீட்டி அளந்தார். "ஒரு சாண் இறங்கியிருக்கு." கம்பத்துக்கு அந்தப் பக்கம், சம்புப் புதரின் ஓரம், பாய் அகலத்துக்கு ஒரு சேற்றுத் திட்டு வெளியே வந்திருந்தது. இன்னும் ஓரங்கூடக் காயவில்லை. அதன் மேல் ஏழு கொசு உள்ளான்கள் குத்திக்கொண்டிருந்தன. அவர் முதலில் சாணை எழுதினார், அதற்குக் கீழே ஏழு என்று எழுதினார்.